ஆற்றங்கரை அனுமதிகளும் வைதாங்கி உடன்படிக்கையும்

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம், சிறு ஊர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுமதி விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் இரண்டு ஆவணங்கள் போகும். ஒன்று, நைட்ரஜன், பாஸ்பரஸ், ஈ.கோலை பாக்டீரியா ஆகியவற்றைக் கணக்கிட்டு நாங்கள் எழுதுவது. மற்றொன்று, அந்த ஆற்றங்கரைக்கு உரிய பூர்வகுடி மாவோரி இனக்குழு, அதாவது இவி, எழுதித் தரும் பண்பாட்டுத் தாக்க மதிப்பீடு. பின்னதை வெறும் மரியாதைச் சடங்காக நினைக்கும் பொறியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மாவோரிகளுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையிலான வைதாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளைக் கருத்தில் கொள்ளுமாறு 1991-ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம் முடிவெடுப்போருக்குக் கட்டளையிடுகிறது. வைக்காட்டோ ஆற்றுக்கென்று 2010-இல் வந்த தனிச் சட்டமோ, ஆற்றை மீட்பதற்கான தொலைநோக்கு ஆவணத்தைத் தேசியக் கொள்கை அறிக்கைகளுக்கும் மேலே வைக்கிறது. 425 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் ஆணையத்தில் பத்து இடங்கள். ஐந்து அரசுக்கு, ஐந்து இவிகளுக்கு. தொலைக்காட்சி விவாதங்களில் ‘இணை ஆளுகை’ என்று பூதமாகக் காட்டப்படுவது இதுதான்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கை, நூறாண்டுகளுக்கும் மேலாக ஏட்டளவில்தான் கிடந்தது. 1863-இல் அரசுப் படைகள் வைக்காட்டோவுக்குள் புகுந்தன. தொடர்ந்து சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிமுதலானது. 1975-இல் வைதாங்கி தீர்ப்பாயம் அமைக்கப்பட்டபோது, அன்றைய நாளுக்குப் பிந்தைய குறைகளை மட்டுமே அது விசாரிக்க முடிந்தது. 1840 வரை பின்னோக்கிப் பார்க்கும் அதிகாரம் 1985-இல்தான் கிடைத்தது. 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரு தரப்பும் கூட்டாளிகளைப் போல நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வைக்காட்டோ மக்களின் நில இழப்புக்கு 1995-இல் கிடைத்த தீர்வின் மதிப்பு 170 மில்லியன் டாலர். பறிபோன ஏக்கர் கணக்கோடு அதை வகுத்துப் பார்ப்பவர்களுக்கு, ‘மாவோரிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்’ என்ற பேச்சை வாய் கூசாமல் பேச முடியாது என்பது என் எண்ணம்.

எங்கள் துறையில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. ரோட்டோருவா நகரின் கழிவுநீர் அங்குள்ள ஏரியைக் கெடுத்ததால், அதைக் குழாய் வழியே கைத்துனா ஆற்றுக்குக் கொண்டுபோய் விடத் திட்டமிட்டார்கள். எவ்வளவு சுத்திகரித்தாலும் மனிதக் கழிவு கலந்த நீரை, உணவு எடுக்கும் ஆற்றில் நேரடியாக விடுவது தங்கள் மரபுக்கு ஒவ்வாது என்று கீழ்க்கரை மக்கள் முறையிட்டார்கள். 1984-இல் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. குழாய்த் திட்டம் கைவிடப்பட்டு, 1991 முதல் அந்த நீர் ஃபாக்கரேவரேவா காட்டு மண்ணில் தெளிக்கப்பட்டது. ஏரியின் நைட்ரஜன் சுமையைக் குறைக்க அது உதவியது. அதே காடு, எதிர்பார்த்த அளவு நைட்ரஜனை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரபு எழுப்பிய கேள்வி சரியாக இருந்தது. அதற்கான விடையை மரபே தயாராக வைத்திருக்கும் என்று எதிர்பார்த்தால் அது நியாயமாகாது.

2024 நவம்பரில், உடன்படிக்கையின் கோட்பாடுகளைச் சட்டத்தால் வரையறுக்கும் மசோதாவை ஆக்ட் கட்சியின் தலைவர் டேவிட் சீமோர் கொண்டுவந்தபோது, எங்கள் அலுவலகத்தின் மதிய உணவு மேசையில் வேறு பேச்சே இல்லை. நாடாளுமன்றத்தில் ஹானா-ராஃபிதி மைபி-கிளார்க் என்ற உறுப்பினர் மசோதாவின் பிரதியைக் கிழித்து, ஹாக்கா என்ற மாவோரி ஆட்டத்தை ஆடிய காட்சியைத்தான் உலகம் பார்த்தது. நாங்களோ மசோதாவின் இரண்டாவது கோட்பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம். 1840-இல் மாவோரிகளுக்கு இருந்த உரிமை மற்றவர்களின் உரிமையிலிருந்து வேறுபடுமானால், அரசுடன் செய்த தீர்வு ஒப்பந்தத்தில் இடம்பெற்றால் மட்டுமே அதற்கு மதிப்பு என்பது அதன் சாரம். அப்படியென்றால், தீர்வு கண்டுவிட்ட வைக்காட்டோவில் என் வேலை அதிகம் மாறாது. இன்னும் தீர்வு காணாத வடக்கின் நாப்புஹி மக்கள்தான், நாட்டின் மிகப் பெரிய இவியாக இருந்தும், வெறுங்கையோடு நிற்பார்கள். மசோதா ஆதரவாளர்களின் ‘அனைவரும் சமம்’ என்ற சுவரொட்டி வாசகத்துக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு ஒளிந்திருந்தது. நவம்பர் 19 அன்று நாடாளுமன்றத்தை வந்தடைந்த எதிர்ப்புப் பேரணியில் 42,000 பேர் திரண்டதாகக் காவல்துறை மதிப்பிட்டது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்கு மூன்று லட்சம் கருத்துரைகள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பு. 2025 ஏப்ரல் 10 அன்று 112-க்கு 11 என்ற வாக்குகளில் மசோதா தோற்றது.

மசோதா தோற்றாலும் ‘அனைவரும் சமம்’ என்ற வாசகம் புலம்பெயர்ந்தோரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பொங்கல் விழா ஒன்றில், என்னைவிட வயதில் இளையவரான கணினிப் பொறியாளர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, நாம வந்தே பத்து வருஷம்தான் ஆகுது. 1863-ல யாரோ பண்ணினதுக்கு நம்ம வரிப்பணம் ஏன் போகணும்?” கேள்வியில் கள்ளம் இல்லை. நான் சொன்னது இதுதான்: “தம்பி, உங்க நிரந்தரக் குடியுரிமை அனுமதியைக் குடுத்தது எந்த அரசு? உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டதும் அதே அரசுதான். ஆள் மாறினாலும் கடன் அப்படியேதான் நிக்கும். வீட்டை வாங்கிட்டு அதுமேல இருக்கற அடமானத்த மட்டும் தெரியாதுன்னா பேங்க் விடுவானா?” அவர் சிரித்தாரே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

இங்குள்ள தமிழர்கள் வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்திலுள்ள தமிழ் மணியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். முகைதீன் பக்ஸின் கப்பல் மணி என்று பழந்தமிழ் எழுத்தில் பொறித்த அந்த வெண்கலத் துண்டை, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திவந்ததை 1830-களில் கண்டெடுத்தவர் வில்லியம் கொலென்சோ என்ற அச்சர். அவர் இன்னொரு காரியமும் செய்தார் என்பதை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை. வைதாங்கியில் கையெழுத்து தொடங்கவிருந்த வேளையில் எழுந்து, இந்த ஷரத்துகளின் பொருள் இத்தலைவர்களுக்கு உண்மையில் விளங்கியிருக்கிறதா என்று பிரிட்டிஷ் துணைநிலை ஆளுநர் ஹாப்சனிடம் கேட்டவர் அவர்தான். ஹாப்சன், தம்மால் இயன்றதைச் செய்துவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்தைத் தொடரச் செய்தார். மாவோரி மொழிப் பிரதியை அச்சிட்டவரும் கொலென்சோதான். இன்றைய விவாதத்தின் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

உரிமைகளைவிடப் பழக்கவழக்கங்களே அதிகக் கேலிக்கு உள்ளாகின்றன. 2002-இல் மெரெமெரே அருகே நெடுஞ்சாலை அமைத்தபோது, அங்குள்ள சதுப்பு நிலத்தில் ஒரு தனிஃபா, அதாவது நீர்க்காவல் உயிர், உறைவதாக இவியின் கிளையினர் சொன்னார்கள். வேலை நிறுத்தப்பட்டு, சதுப்பைக் காக்கும்படி வரைபடம் சற்றுத் திருத்தப்பட்டது. பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன. எனக்கோ, மென்மையான கரிமண் சதுப்பில் கரை எழுப்புவதைப் பற்றி எச்சரிக்கை வந்தால், அது எந்த மொழியில் வந்தாலும் மண் பரிசோதனை அறிக்கையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கத் தோன்றும். கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்லும் கரக்கியா என்ற வேண்டுதலும், தன் மலையையும் ஆற்றையும் சொல்லி அறிமுகமாகும் பெபெஹாவும் நேரத்தை வீணாக்குவதாக முணுமுணுப்பவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுதலுக்குக் கூடிப்போனால் இரண்டு நிமிடம். ‘புரொஜெக்டர்’ வேலை செய்ய அதைவிட நேரமாகும். உணவு வைக்கும் மேசைமேல் உட்காராதே என்ற மாவோரி விதியை எனக்கு யாரும் விளக்கவேண்டிய தேவையே எழவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு முதுகில் அடி விழும்.

இவிகளால் திட்டங்கள் தாமதமாகின்றன என்ற குற்றச்சாட்டைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், பழைய அனுமதி காலாவதியாகும் தறுவாயில், நானூறு பக்க அறிக்கையை இவியின் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு அனுப்பிப் பதினைந்து வேலைநாளில் கருத்துக் கேட்டார். அங்கே இருந்ததோ இரண்டு பேர். அவர்கள் மேசைமீது சாலை, சுரங்கம், மனைப்பிரிவு என்று பல விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. அவர்கள் படிக்கும் நேரத்துக்கு ஊதியம் தருவதற்கும் வாடிக்கையாளர் இழுத்தடித்தார். பதில் வரத் தாமதமானதும், ‘இவியால் திட்டம் தடைபட்டது’ என்று உள்ளூர்க் கூட்டத்தில் பேசினார். வடிவமைப்பு தொடங்கும் முன்பே கரைக்குப் போய் உட்கார்ந்து பேசிய திட்டங்களில் இப்படி ஒரு இழுபறியை நான் கண்டதில்லை.

இப்போது எங்கள் கையில் இருக்கும் விண்ணப்பத்தில், சுத்திகரித்த நீர் ஆற்றைத் தொடும் முன் கற்கள் பதித்த ஓடை வழியாக மண்ணைத் தொட்டுப் போக வேண்டும் என்று இவி கேட்டது. அதனால் நைட்ரஜன் குறிப்பிடத்தக்க அளவு குறையாது என்றும், பறவைகள் வந்து இறங்கினால் ஈ.கோலை சற்றுக் கூடவும் வாய்ப்புண்டு என்றும் எங்கள் அறிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. இவியின் பிரதிநிதியான மூதாட்டி அதைப் படித்துவிட்டு, ஓடையின் இரு கரையிலும் ஹாராகெகே என்ற நார்ச்செடியை நடவும், ஈ.கோலை மாதிரியை ஓடைக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எடுக்கவும், விலாங்கு மீன் கணக்கெடுப்பைத் தங்கள் இளைஞர்களிடம் ஒப்படைக்கவும் சொன்னார். மூன்றையும் நிபந்தனைகளாக எழுதிச் சேர்த்திருக்கிறோம். ஓடைக்கான செலவு, மொத்தத் திட்ட மதிப்பீட்டில் குழாய் வால்வுகளுக்கான தொகையைவிடக் குறைவு.