அப்பாயி முடிந்துவைத்த காசு

வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள் என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அங்காரகன், அதாவது செவ்வாய் கிரகத்தின் தலம். தோஷப் பரிகாரத்துக்கு வந்தவர்கள், குலதெய்வக்காரர்கள், நவகிரக டூர் வேன்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்து குவியும். ஆனால் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், நேர்ந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. "செவ்வாக்கெழம ஆத்தாகிட்ட கேட்டேன், விடியறதுக்குள்ள குடுத்தா. செவ்வாக்கெழமதான் போவணும்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

அது 2019 ஐப்பசி. மன்னார்குடியில் விடாத மழை. பையன் அப்போது பத்தாவது. அனலாய்க் கொதித்த காய்ச்சல் ஒரு நாள் காலையில் சட்டென்று விட்டது. நிலவேம்பு கைகொடுத்துவிட்டது என்று அத்தை சாமி மாடத்தில் விளக்கேற்றினார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த நேரம்தான் கண்டம் என்பது சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பதும், பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் மளமளவென்று இறங்குவதும், பிரஷர் விழுவதும் அப்போதுதானாம். வயிறு வலிக்கிறது என்றான். வாந்தி எடுத்தான். பாதத்தைத் தொட்டால் ஐஸ். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தட்டணு 20,000க்குக் கீழே போய்விட்டது என்றார்கள். டிரிப்ஸ் சொட்டுவதையும் அவன் மூச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே அந்த ராத்திரி போனது.

வீட்டில் அத்தை தனியாக இருந்தார். ஒரு ரூபாய்க் காசை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து, வைத்தீஸ்வரன்கோயில் அம்பாள் தையல்நாயகியின் படத்தின் முன்னால் வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். "டாக்டரு என்ன சொல்றாரோ அதைக் கேளு. நான் இங்க ஆத்தாகிட்ட பேசிட்டேன்" என்றார். அழவில்லை. பேரனுக்கு மொட்டை, மாவிளக்கு, வெள்ளியில் ஆள் உருவம், தான் அடிப்பிரதட்சணம். இவ்வளவையும் ஒரே மூச்சில் நேர்ந்திருக்கிறார். மொட்டை யார் தலைக்கு என்பதைத் தலைக்குச் சொந்தக்காரனிடம் கேட்கவே இல்லை.

மறுநாள் விடியும்போது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. சிறுநீர் நன்றாகப் போயிற்று. அந்த இளம் டாக்டர், ராத்திரி முழுக்க அரைமணிக்கொரு தரம் வந்து பார்த்தவர், முதல் தடவையாகச் சிரித்தார். பையன் கண்ணைத் திறந்து இட்லி கேட்டான். தாயே, அந்த "இட்லி" என்ற வார்த்தையைவிட இனிப்பான ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

நேர்த்தியை உடனே செலுத்தியிருக்கலாம். முழுப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு, கோயில் நடையே சாத்தியாயிற்று. பரீட்சையும் ரத்து, எல்லாரும் பாஸ். அதையும் அத்தை தையல்நாயகி கணக்கில்தான் எழுதினார். 2021 ஏப்ரலில் கும்பாபிஷேகம், ஆனால் கொரோனாவால் பக்தர்களுக்கு அனுமதியில்லை. டிவியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், தகடு, வாக்கர். மிக்ஸி ரிப்பேரானால்கூட "பாக்கி நிக்குதுல்ல" என்பார். அது எங்களுக்கு வீட்டுப் பழமொழியாகிவிட்டது.

இந்தத் தையில் ஒரு செவ்வாய், இருட்டோடு கிளம்பினோம். திருவாரூர், பேரளம், மயிலாடுதுறை. சம்பா அறுவடை, ரோட்டில் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

ஊர் எல்லையைத் தொடுவதற்குள் ஒரு பைக் எங்கள் கார் பக்கத்திலேயே வந்தது. பழைய ஓலைச்சுவடி பார்த்துப் பலன் சொல்கிற நாடி ஜோதிடத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட். "கட்டைவிரல் ரேகை மட்டும் குடுங்க சார், ஓலை வந்தாத்தான் காசு." இன்னொருவர் கார் நிறுத்துகிற இடத்தில். மூன்றாமவர் பூக்கடையிலேயே. ஒவ்வொருவரும் தான்தான் அசல் பரம்பரை, மற்றவர்கள் போலி என்கிறார். நோய் தீரணும் என்று கலங்கிப்போய் வருகிற சனங்களை வாசலிலேயே மடக்கி இன்னொரு பயத்தை ஏற்றி அனுப்புவது பாவமில்லையா? அத்தை கார்க் கண்ணாடியை இறக்கினார். "எம் பேரன் தலையெழுத்து எனக்குத் தெரியும்பா. அத மாத்தி எழுதுனவளப் பாக்கத்தான் போறேன். வழிய விடு." பைக் பின்தங்கிவிட்டது.

மொட்டை போடும்போது பையன், "நேந்துகிட்டது அப்பாயி, போறது என் முடியா? அடுத்த மாசம் எனக்கு இன்டர்வியூ இருக்கு" என்று கடைசி முயற்சி செய்து பார்த்தான். "முடி முளைக்கும்டா" என்றார் அத்தை. முடிந்தது வழக்கு. சந்தனம் குழைத்துத் தடவியதும் மூன்று வயதுக் குழந்தை முகமாகிவிட்டது அவனுக்கு. தவளையே இருக்காது என்று சொல்லப்படுகிற சித்தாமிர்தக் குளத்தில் தலையில் நீர் தெளித்துக்கொண்டு, வெல்லத்தைக் கரைத்துவிட்டு, "ஒரு தவளைகூட இல்லப்பா நெஜமாவே" என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடிப்பிரதட்சணம்தான் பெரிய பிரச்சினை. என் கணவர் சக்கர நாற்காலி பிடித்து வைத்திருந்தார். அவருக்குப் பதிலாக நான் அடிவைக்கிறேன் என்றேன். குருக்கள் ஒருவர், "பாட்டி, மனசுல ஒரு சுத்து வாங்கோ, போறும்" என்று இதமாகத்தான் சொன்னார். அத்தை எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னார்: "வாயாலதானே நேந்தேன், காலாலதான் குடுக்கணும்."

வாக்கரையும் வேண்டாம் என்றுவிட்டார். பேரன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். வலது குதிகாலை இடது கால் கட்டைவிரலில் ஒட்டி வைக்க வேண்டும். பிறகு இடது. தகடு போட்ட பக்கம் ஊன்றும்போதெல்லாம் என் முழங்கையில் அவர் நகம் பதிந்தது. வாய் மட்டும் "தையல்நாயகி, தையல்நாயகி" என்றே இருந்தது. கருங்கல் தரை காலையிலேயே சில்லென்று இருந்தது. வெறுங்கால் விரல்கள் ஒவ்வொன்றும் தரையைத் தேடித் தேடிப் பிடித்ததை நான் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் ஒரு டூர் வேன் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒன்பது கோயில் பட்டியல். "கொஞ்சம் ஓரமா போங்கம்மா, எங்களுக்கு இன்னும் கஞ்சனூர் இருக்கு" என்று ஒருவர் அவசரப்பட்டார். முட்டிக்கொண்டும் போனார். நவகிரகங்களே இங்கே அவரவர் திசையை விட்டுவிட்டு மூலவர் வைத்தியநாதன் முதுகுக்குப் பின்னால் ஒரே வரிசையில் அடங்கி நிற்கிறார்கள், இவர்களுக்கு நிற்க நேரமில்லை. ஆனால் அதே கூட்டத்தில் ஒரு அம்மாள், யாரோ எவரோ, எங்களுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு வழி விலக்கிக்கொண்டே நடந்தார். பிரகாரம் சுற்றி முடிந்தபோது அவரைக் காணோம். அத்தையைக் கேட்டால் அது யார் என்று தனக்குத் தெரியும் என்கிறார். நான் மறுக்கவில்லை.

சுவாமி சன்னதியில் தள்ளுமுள்ளு. மேற்குப் பார்த்து நிற்கிற வைத்தியநாதனை ஒரு தீபாராதனை வெளிச்சத்தில் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் கோயில் குளம் என்று அலைகிறவர் இல்லை. பையனைக் காப்பாற்றியது டாக்டரும் அந்த நர்ஸ் பெண்ணும்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறவர். "அந்த டாக்டர அன்னிக்கு டூட்டில வெச்சது யாரு?" என்று அத்தை திருப்பிக் கேட்பார். இந்தச் சண்டைக்கு இந்த ஊரில் இடமே இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீரா நோய் தீர்த்தருள வல்லான் என்று அப்பர் இந்தப் புள்ளிருக்குவேளூரானைத்தான் பாடினார். இந்த ஊரின் பழைய பெயர் அது. மருந்தும் அவன்தான் என்று தேவாரமே சொல்லிவிட்ட பிறகு டாக்டரா, சாமியா என்று என்ன பட்டிமன்றம்? கணவரிடம் சொன்னேன். "அப்ப நான் சொன்னதும் சரிதானே" என்றார். சரிதான்.

இங்கே முருகனாக இருக்கிற செல்வமுத்துக்குமாரரைக் கும்பிட்டு, ஜடாயு குண்டத்துத் திருநீறு பூசிக்கொண்டு, தையல்நாயகியிடம் வந்தோம்.

அங்கே கூட்டம் ஏனோ ஒரு நிமிஷம் விட்டுப்போயிருந்தது. அத்தை இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்தார். இத்தனை வருஷத்தில் துணி வெளுத்து, மஞ்சள் இறுகி, முடிச்சு கல்லாகியிருந்தது. காசை எடுத்து உண்டியலில் போடுவதற்காக நான் நகத்தால் நெம்பினேன், அவிழவில்லை. பையன் பல்லால் கடிக்கப் போனான், தடுத்தார். "முடிச்சோட போடு. முடிஞ்சது நான், அவுக்குறது அவ பாடு" என்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேசினார். "இந்தா ஆத்தா, ஒன் பாக்கி. லேட்டாயிட்டுன்னு கோச்சுக்காத. இவந்தான் அவன். நல்லாப் பாத்துக்க, அன்னிக்கு நீ பாக்காம விட்டிருந்தா..." அதற்கு மேல் குரல் வரவில்லை. ஆஸ்பத்திரி ராத்திரியில் அழாதவர், இடுப்பு முறிந்தபோது அழாதவர், அங்கே நின்று தேம்பினார். பேரன் மொட்டைத் தலையோடு அவரைக் கட்டிக்கொண்டான்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன்? அந்த வார்டில் எங்களுக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு சின்னப் பெண் இருந்தாள். விடிகாலையில் அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. அவள் அம்மாவும் எங்கோ ஒரு சாமிக்கு ஒரு காசு முடிந்துதான் இருப்பாள். அம்பாள் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தாயின் முகம்தான் வந்தது. தாயே, எனக்குக் கிடைத்ததற்கு நான் எந்த விதத்திலும் தகுதியானவள் இல்லை. அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிற துணிச்சலும் எனக்கில்லை. அவளை நீ எங்கே வைத்திருக்கிறாயோ அங்கே அவள் வயிறு குளிர்ந்திருக்கட்டும். இதைத்தான் சொன்னேன். வேறு எதையும் கேட்க வாய் வரவில்லை.

மாவிளக்கு ஏற்றினோம். பச்சரிசியும் வெல்லமும் முந்தின ராத்திரி அத்தையே உட்கார்ந்து இடித்தது. கட்டைவிரலால் அழுத்திக் குழி செய்து நெய்யை ஊற்றித் திரியைப் போட்டபோது கை துளியும் நடுங்கவில்லை. வெள்ளி உருவமும் உண்டியலில் சேர்ந்தது. அர்த்தஜாமம் வரை இருந்து முத்துக்குமாரர் சந்தனம் வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்தார், கால் ஒத்துழைக்கவில்லை.

எதையெல்லாம் சொல்லி நன்றி சொல்வது? வெதுவெதுப்பான பாதத்துக்கு நன்றி. அவன் கேட்ட இட்லிக்கு நன்றி. தூங்காத டாக்டருக்கும், ஊசி குத்தும்போதெல்லாம் "கண்ணா, கண்ணா" என்ற அந்த நர்ஸுக்கும், வழி விலக்கிய அம்மாளுக்கும், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு சுற்றி முடித்த கிழவிக்கும், எல்லாவற்றிலும் இருந்த உனக்கும், என் அப்பனே வைத்தியநாதா, என் ஆத்தா தையல்நாயகி, கோடானுகோடி நமஸ்காரம். இத்தனை வருஷம் பாக்கியை வட்டியில்லாமல் பொறுத்துக்கொண்டதற்குத் தனியாக ஒன்று.

திரும்பும்போது காரில், கோயிலின் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தை பங்கு பிரித்தார். எதிர்வீட்டுக்கு, சின்ன நாத்தனாருக்கு, பால்காரருக்கு. கடைசியில் ஒன்றைத் தனியாக மடித்தார். "இது அந்த டாக்டர் தம்பிக்கு." அவர் இப்போது அங்கே இருக்கிறாரோ என்னவோ என்றேன். ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கணவர், "விசாரிச்சுட்டேன், அங்கதான் இருக்கார்" என்றார். வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போகிறோம்.