அசுவினியைத் தேடும் புழு

மார்ச் 3
அவரைக் கொடியின் நுனி இலைகள் சுருண்டிருந்தன. திருப்பிப் பார்த்தால் கருப்பு அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி, அப்பிக் கிடக்கிறது. மருந்து தெளிக்கப் போன நேரத்தில் தண்டில் ஒரு பொறிவண்டின் புழு ஏறிக்கொண்டிருந்தது. கருத்த உடம்பு, ஆரஞ்சுத் திட்டுகள், குட்டி முதலை மாதிரி. சரி, என்னதான் செய்கிறதென்று பார்ப்போம். தெளிப்பான் ஓரமாகக் கிடக்கட்டும்.

மார்ச் 4
பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம். மோப்பம் பிடித்து நேராகப் போகும் என்று நினைத்திருந்தேன். அதுவோ இலை விளிம்பைப் பிடித்து ஒரு சுற்று, பிறகு நடு நரம்பு வழியாகக் கீழே. நூலளவு தள்ளி உட்கார்ந்திருந்த அசுவினியைக் கண்டுகொள்ளாமலே கடந்து போனது. வாயில் இடித்தால்தான் இரை என்று தெரியும் போல! எனக்கு எரிச்சல். அப்புறம்தான் உறைத்தது: அசுவினி பெரும்பாலும் உட்காருவது சாறு ஓடும் நரம்போரம். நரம்பைப் பிடித்து நடந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

மார்ச் 5
மழை. ஒன்றும் பார்க்கவில்லை.

மார்ச் 6
ஒன்றைத் தின்று முடித்ததும் புழுவின் நடையே மாறிவிட்டது. வேகம் குறைந்தது. நாலடி வைக்கும், திரும்பும், மறுபடி திரும்பும். கம்மல் திருகாணியைத் தொலைத்தவர் விழுந்த இடத்தையே தடவுவாரே, அப்படி. அசுவினி கூட்டமாக வாழ்வது என்பதால் ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்றும் இருக்கும். சுற்றிச் சுற்றியும் சிக்காவிட்டால் பழையபடி வேக நடை, அடுத்த இலை.

இரையும் சும்மா இல்லை. பிடிபட்ட ஒன்று பின்புறக் குழாயில் ஒரு துளி கசியவிட்டது. அந்த வாடைதான் மற்றவற்றுக்கு எச்சரிக்கை. பக்கத்தில் இருந்தவை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு நகர்ந்தன. இரண்டு கீழேயே குதித்துவிட்டன.

மார்ச் 9
ஒரு புழுவைத் தக்காளிச் செடியில் விட்டேன். தண்டின் பிசுபிசுப்பான மயிர்களில் கால் மாட்டித் தவித்தது. பாவம், அவரைக்கே திருப்பிவிட்டேன். பட்டாணி இலையில் வேறு தொல்லை: மேலே உள்ள மெழுகுப் பூச்சில் கால் வழுக்கும். வால் நுனியை ஒட்டிப் பிடித்துக்கொண்டாலும் விழுவது விழுவதுதான். தேடும் திறமையில் பாதி இலையின் கையில் இருக்கிறது.

மார்ச் 10, இரவு
டார்ச்சோடு போனேன். பூக்களின் மேல் அந்தரத்தில் நின்று பறக்குமே, அந்தச் சிர்பிட் ஈயின் புழு ஒன்று. இதற்கும் அசுவினிதான் இரை. காலும் இல்லை, கண்ணும் இல்லை. பின்னுடம்பை ஊன்றிக்கொண்டு முன்னுடம்பை இடமும் வலமுமாக வீசித் துழாவியது. தூரத் தேடலை ஏற்கெனவே தாய் முடித்து வைத்திருக்கிறாள். அசுவினிக் கூட்டத்தின் பக்கத்திலேயே முட்டையிட்டுவிட்டுப் போவாள். பட்டதைக் கவ்வி அந்தரத்தில் தூக்கி, உறிஞ்சி, தோலை உதறியது. மூன்றாவது தோல் விழும்போது டார்ச் மங்கிவிட்டது.