கையுறை

காலையில் ரோஜாச் செடியைக் கவாத்து செய்தேன். கையுறை ஆணியிலேயே தொங்கியது. இதுக்கெல்லாமா என்ற அலட்சியம். கட்டைவிரலில் முள் ஆழமாக இறங்கிவிட்டது.

உடனே ஃபில் பர்பேங்க் ஞாபகம்.

தாமஸ் சாவேஜ் 1967இல் எழுதிய 'தி பவர் ஆஃப் தி டாக்' நாவலின் கௌபாய். மொன்டானா பண்ணைக்காரன். கன்றுகளுக்குக் காயடிக்கும்போதுகூட வெறுங்கைதான். கையுறை என்றால் இளக்காரம். தம்பி மனைவியின் மகன், பூப்போன்ற பையன் பீட்டர் என்றால் இன்னும் இளக்காரம்.

பண்ணை வேலை கற்றுக்கொடுத்த, செத்துப்போன பிராங்கோ ஹென்றியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆள் வேறு. அந்தக் காதலைத் தன்னிடமாவது சொல்லிக்கொண்டானா?

கடைசியில், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டுத்தோலைக் கயிறாகத் திரிக்கிறான். கையில் வெட்டுக்காயம். அதன் வழியே நோய் ஏறிச் சாகிறான். (கதையைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

2021இல் வந்த படத்தில் அந்தத் தோலை உரிப்பவன் பீட்டர். கையுறை போட்டுக்கொண்டு.