எங்கள் பேச்சைக் கேட்ட படங்கள்

5 யூலை 2025, சனிக்கிழமை, மாங்குளம்

சோளகக் காற்று காலையிலிருந்து புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தபடியால், கதவு யன்னல்களைச் சாத்திவிட்டுப் பெரியம்மாவுடனும் அக்காவின் மகனுடனும் இருந்து 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தேன். மே மாதம் திரைக்கு வந்த படம் எங்களுக்கு இன்றுதான் வாய்த்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்று, படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கிச் சென்னையில் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை இது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் இயக்கிய முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் தாய் தகப்பனாக நடித்திருக்கிறார்கள். 2022 மார்ச்சிலிருந்து மன்னார்க் கரையை விட்டுத் தனுஷ்கோடிக்குக் குடும்பங்கள் போன செய்திகளை நாளாந்தம் கேட்டிருந்த எங்களுக்கு, இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும், ஆகவே எங்கள் தமிழைப் பேசாதீர்கள் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லப்படும் இடத்தில் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சில் குறை உண்டு. 'ஓம்' என்பதும் 'கதைக்கிறது' என்பதும் தவறாமல் வருகின்றன. ஆனால் வாறன், போறன் என்று வினைச்சொல் முடியும் இடங்களில் குரல் அடிக்கடி தமிழகப் பக்கம் நழுவிவிடுகிறது. எங்கள் வீடுகளில் கணவனும் மனைவியும் 'நீர்', 'உமக்கு' என்று பேசிக்கொள்ளும் அந்த நடுத்தர மரியாதையை நான் படம் முழுவதும் காத்திருந்து கேட்டேன். என் காதில் விழவில்லை. இருந்தும் இந்தப் படத்தை எனக்குப் பிடித்தவற்றில் முன்னால் வைக்கிறேன். ஒருவரையொருவர் அறியாத அந்தத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோக, புதிதாக வந்த அகதிக் குடும்பமே அயலவரைச் செத்தவீட்டுக்குக் கூட்டி வருகிறது. செத்தவீடு என்றால் பகையை மறந்து படலையைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். எங்களிடமிருந்து எதை எடுத்துக் காட்ட வேண்டும் என்பதை அந்த இயக்குநர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

10 யூலை 2025, வியாழக்கிழமை, போயா (முழுநிலா நாள்) விடுமுறை

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை மறுபடியும் பார்த்தோம். எங்கள் ஊரின் பெயரைச் சொல்லித் தொடங்கும் மணிரத்னத்தின் படம். அது வெளிவந்தது 2002 பெப்ரவரி 14. அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது அதே மாதம் 22. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்த பின்னர்தான் கசெற் எங்கள் கைக்கு வந்தது. மின்சாரம் இல்லாத காலம் அது. டெக், ரீவி, ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, அயலெல்லாம் கூடிப் பார்த்தோம். திரையில் மாங்குளம் என்ற பெயர் வந்தபோது எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த நிமிடமே, இது எங்கள் ஊர் இல்லை என்று ஆண்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். படப்பிடிப்பு இலங்கையில் நடக்கவில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் தட்டைக் காட்டையும், குளக்கட்டில் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் வயலையும் அந்தப் படத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனாலும் 'விடை கொடு எங்கள் நாடே' பாடலில் எம்.எஸ். விசுவநாதனின் முதிர்ந்த குரல் எழும்போது அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிய நாளைப் பெரியம்மா இன்று மீண்டும் சொன்னார். பூங்காவில் தத்துப்பிள்ளை அமுதாவின் கேள்விகளுக்குப் பெற்ற தாய் ஷியாமா சரியாக மறுமொழி சொல்லாமல் நிற்பது படத்தின் பலவீனம் என்று நான் நெடுநாளாக வாதாடி வந்திருக்கிறேன். "பிள்ளை, மறுமொழி இல்லாத தாய்மாரை நான் கண்டிருக்கிறன்" என்றார் பெரியம்மா. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

13 யூலை 2025, ஞாயிற்றுக்கிழமை

2021 யூனில் வந்த 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் 9 பாகங்கள். அதை நான் முழுதாக வெறுக்கவில்லை. தொழிற்சாலையில் மேலாளரின் தொல்லையைச் சகித்துக்கொண்டு, ஈழத்துப் போராளியான ராஜி மௌனமாக வேலை செய்யும் தொடக்கப் பாகங்களில் சமந்தாவின் கண்களில் ஒரு மனுஷி இருக்கிறாள். பின்னைய பாகங்களில் அவள் கொல்லவும் சாகவும் மட்டும் வைக்கப்பட்ட ஒரு கருவியாகிவிடுகிறாள். அவள் எந்தக் குளத்தடியில் வளர்ந்தாள், தாய் எப்படிக் கூப்பிட்டாள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

20 யூலை 2025, ஞாயிற்றுக்கிழமை

'தீபன்' பார்த்து முடித்தோம். 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற, ழாக் ஓடியார் இயக்கிய பிரெஞ்சுப் படம்; தீபனாக நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. ஒரு பிரெஞ்சுப் படத்தில் பெரும்பகுதி உரையாடல் தமிழில் நடக்க, அந்த நாட்டவர் திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க, நாங்கள் வெறுமனே காதால் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை அபூர்வமான அனுபவம்! செத்தவர்களின் கடவுச்சீட்டுகளில் குடும்பமாகிய மூன்று அந்நியர், சாப்பாட்டு மேசையில் ஒருவரையொருவர் மெல்ல அறிந்துகொள்ளும் காட்சிகளுக்கு நிகராக நான் கண்டவை குறைவு. இருட்டுக்குள்ளிருந்து மினுங்கும் விளையாட்டுக் காதுகளை அணிந்தபடி, தெருவில் சாமான் விற்க வரும் தீபனைக் கண்டதும் பெரியம்மா அழுதுவிட்டார். அவருடைய தம்பியும் பாரிசில் அப்படித்தான் விற்றுத் திரிந்தாராம். இன்றைக்குத்தான் எங்களுக்கு அதைச் சொன்னார்.

இறுதியில் துப்பாக்கிச் சண்டை வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அதுவரை கதைத்துக்கொண்டிருந்த மனிதனைப் படம் மறுபடியும் போராளியாகவே பார்க்கிறது. அது எனக்குப் பெரும் ஏமாற்றம். அடுத்த கிழமை வவுனியாவிலிருந்து வரும் சின்னம்மாவுக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றும், சண்டை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றும் பெரியம்மா சொல்லியிருக்கிறார்.