தங்கச்சியின் மகப்பேறு பணம் ஒருவழியாக வந்தது

தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தங்கச்சிக்கு முதல் தவணை ஏறிவிட்டது. எல்லாத் தவணையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் தருகிறார்கள். எங்களைப் போன்ற இருளர் குடும்பங்கள் இதை வாங்குவதற்குள் படும் பாடுதான் பெரிது.

ஆதாரும் வங்கிக் கணக்கும் சுலபமாகவே கிடைத்தன. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட ஆறு பழங்குடிகளில் இருளரும் உண்டு. யாரிடம் எந்தச் சான்று இல்லை என்று எங்கள் சங்கத்தினர் வீடு வீடாகப் போய் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலோடு அதிகாரிகள் ஊருக்கே வந்து முகாம் போட்டார்கள்.

சிக்கல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கியது. தங்கச்சி செங்கல் சூளையில் இருந்தபோதே கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியிருந்தாள். கணினியில் பதிகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இது வேற மாவட்டத்து நம்பர், அங்கேயே போய்க் கேளுங்க" என்றார். கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறிப் போனோம். அங்கே, "பிரசவம் உங்க ஊர்லதானே? அங்கதான் பார்க்கணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

அப்புறம் சங்கத்து அக்கா எங்களோடு வந்தார். நேராகக் கிராம சுகாதார செவிலியரிடம் போனோம். அவர் மாநிலம் முழுக்க இந்த ஒரே நம்பர்தான் என்று சொல்லி, அதே கணினியில் பதிவை எங்கள் ஊருக்கு மாற்ற வைத்தார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே! சங்கத்து ஆள் கூட வந்தால்தான் பதில் கிடைக்கும் என்றால், சங்கம் இல்லாத ஊரில் இருக்கிற பெண் யாரிடம் போவாள்? இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகும் பணம் வரவில்லை. வங்கியில் விசாரித்தால், கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை என்றார்கள். படிவம் கொடுத்ததும் சரியானது. கணக்கு தொடங்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும்.

கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். சூளைக்குக் கிளம்பும்போது தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அதை போட்டோ எடுத்து ஊரில் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். அடுத்த பட்டியலில் சூளைக்குப் போகிற பெண்களின் பிக்மி நம்பரையும் சேர்க்கச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். செவிலியரும் அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.