பின்னை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்

எங்கள் ஊர்ப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் புதிதில்லை. பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போன காலத்திலிருந்து வளவுக்குள் வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த கலர் டிவி கானாடுகாத்தான் வீட்டில் வருஷக்கணக்கில் ஓடியது. அங்கத்திய மூன்று பட்டைப் பின்னை வெட்டிவிட்டு நம்மூர் உருண்டைப் பின்னை மாட்டினார்கள், அவ்வளவுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கரண்ட் 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை). இங்கேயும் அதே கணக்குதான். அன்றைய டிவி ஒளிபரப்பும் இரண்டு பக்கமும் 'பால்' முறை.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. நியூ ஜெர்சியிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களோடு 42 அங்குல டிவியும் வந்து சேர்ந்தது. ஆத்தாவுக்குப் பார்வை மங்கி வருகிறது, பெரிய திரையில் பார்க்கட்டுமே என்று இரண்டாம் கட்டில் வைத்தேன். தட்டைப் பின்னுக்கு ஒரு அடாப்டர் போட்டு சுவிட்சைத் தட்டினேன். 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலிருந்து கருகல் வாடை. ஆத்தா, "அப்பச்சி கொண்டாந்தது ஓடுச்சேப்பா, இதுக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

காரைக்குடியில் ஒரு மெக்கானிக் அண்ணன் பின்மூடியைக் கழற்றினார். ஃபியூஸ் கறுத்திருந்தது. பக்கத்தில் நீலப் பொட்டு மாதிரி இருந்த ஒரு பாகம் வெடித்துப் பிளந்திருந்தது. பெரிய கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. "தம்பி, இது 200 வோல்ட் தாங்குற கெப்பாசிட்டர். நம்ம 230 உள்ள போய் டிசி ஆனா 325 வரைக்கும் ஏறும். எப்படித் தாங்கும்?" என்றார். பிறகு மூடியில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 150 வாட். வாங்கிய நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதில் 100-240 என்று போட்டிருந்தால் பின்னை மாற்றினாலே ஓடியிருக்கும். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. நல்லவேளை, மூன்று பாகங்களை மாற்றியதும் டிவிக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்து, 230 வோல்ட்டை 120 பக்கம் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். டிவி 150 வாட்தான் என்றாலும் 500 வாட் வாங்கச் சொன்னார். நாள்பூரா ஓடினாலும் சூடாகாது என்பதற்காக. வீட்டில் சாயங்காலமானால் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதனால் முதலில் ஸ்டெபிலைசர், அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர். டிவியை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம்: 114. அதற்குப் பிறகுதான் கை துணிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. டிவி உள்ளே எல்லாவற்றையும் டிசியாக்கிக்கொள்வதால் அதற்குக் கவலையில்லை. அங்கிருந்து மைக்ரோவேவ் கொண்டுவருகிறவர்கள் மட்டும் இதை நம்ப வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50-ல் அளவுக்கு மீறிச் சூடாகும்.

டிவிக்குக் கரண்ட் வந்துவிட்டது, ஆனால் படம் சரியாக வரவில்லை. கேபிள்காரர் கொடுத்த பழைய செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டினால், கறுப்பு வெள்ளையில் ஆட்கள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தார்கள். பாக்ஸ் அனுப்புவது 625 கோடுகள் கொண்ட 'பால்', டிவிக்குத் தெரிந்தது 525 கோடுகள் கொண்ட, அமெரிக்காவின் பழைய ஒளிபரப்பு முறையான என்.டி.எஸ்.சி. மட்டும். எச்டி பாக்ஸ் வாங்கி எச்டிஎம்ஐ வயரில் கொடுத்ததும் படம் உருளாமல் நிலையாக நின்றது. ஆனால் சில அமெரிக்க டிவிகள் எச்டிஎம்ஐயில்கூட 50 ஹெர்ட்ஸ் படத்தை, அதாவது வினாடிக்கு 50 முறை மாறும் படத்தை, ஏற்காது. காசு கொடுப்பதற்கு முன் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது. நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவற்றில் அமெரிக்கத் தட்டைப் பின்னும் அப்படியே நுழையும். கூட்டிப் பெருக்குகிறவர் பின்னைக் கழற்றிவிட்டு மறதியில் நேராக அதில் சொருகினால், மறுபடியும் அதே 'டப்'தான். அதனால் டிவி வயரை டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துச் சிவப்பு டேப்பால் சுற்றிக் கட்டிவிட்டேன். வீட்டிலிருந்த அடாப்டர்களையெல்லாம் எடுத்துப் பூட்டிவைத்தேன். காலையில் விளக்குமாறு எடுத்ததும் ஆத்தா பட்டாலையிலிருந்தே குரல் கொடுப்பார்கள்: "சிவப்புச் சுத்துனதத் தொட்டுறாதத்தா!"