பழுதான மடிக்கணினி: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

மடிக்கணினி பழுதானால், கெட்டது எந்தப் பாகம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி, கீபோர்டு, ஹார்டு டிஸ்க் போன்றவற்றைப் பெரும்பாலும் தனியாக மாற்றிவிடலாம். என்னுடைய பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) பொருத்திய பின், சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த நிலை மாறி, திறந்தவுடன் வேலையைத் தொடங்க முடிகிறது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டால் கணக்கே வேறு: பல மெல்லிய மாடல்களில் ரேமும் (தற்காலிக நினைவகம்) அதிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், செலவு புதிய கணினியின் விலையை நெருங்கிவிடக்கூடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை என்பதால், அது இல்லாத கணினிக்குப் பெருஞ்செலவு செய்யுமாறு, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறத் தயாராக இருப்பவர்களைத் தவிர, வேறு யாருக்கும் நான் சொல்லமாட்டேன். பேட்டரி உப்பி டச்பேடு மேலெழும்பியிருந்தால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்காமல், சார்ஜ் செய்வதை உடனே நிறுத்திவிடுங்கள்.